வடிகட்டியின் முப்பத்தேழாம் வரி

ஆராய்ச்சிக்கூடத்தில் அவனுக்கு வடிகட்டி என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல, சேர்ந்த முதல் வருடம் அவன் எழுதிய ஒரு புரோகிராம் வாங்கிக் கொடுத்தது. பழைய புரோகிராம் முக்கி முனகி ஒரு வாரம் எடுத்துக்கொண்ட வேலையை அவனுடையது அரை நாளில் முடித்தது. கெட்டிக்காரன் என்று எல்லோரும் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். அவனும் இறங்க அவசரப்படவில்லை.

வேலை இதுதான். ஒரு மருந்தின் மூலக்கூறு ஒன்றேதான் என்றாலும், படிகமாகும்போது அது பல விதமாக அடுக்கிக்கொள்ளும், அதே சட்டைகளைப் பெட்டியில் பல விதமாக அடுக்குகிற மாதிரி. எந்த அடுக்கு என்பதைப் பொறுத்துத்தான் மாத்திரை வயிற்றில் கரைவதும் கரையாமல் அடம்பிடிப்பதும். கம்ப்யூட்டர் லட்சக்கணக்கான அடுக்குகளை ஊகித்துக் கொட்டும். அதில் வந்ததே திரும்பத் திரும்ப வரும். அந்த இரட்டைகளைத் தூக்கியெறிந்துவிட்டு மீதியை மட்டும் கொடுப்பது வடிகட்டி.

ஏழாம் வருடம், தீசிஸ் கொடுக்க மூன்று வாரம் இருக்கையில், தன் புரோகிராமைப் பற்றிய அத்தியாயத்துக்கு ஒரு படம் வரைய உட்கார்ந்தான். இரண்டும் ஒன்றே என்று அது முடிவு செய்த அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் காட்டினால் எடுப்பாக இருக்கும் என்று நினைத்தான். வைத்தான். முதல் இரண்டு வரிசைகள் அச்சாகப் பொருந்தின. மூன்றாவது வரிசை ஒன்றில் இந்தப் பக்கமும் மற்றதில் எதிர்ப்பக்கமும் சாய்ந்திருந்தது. இரண்டும் வேறு வேறு படிகங்கள்.

புரோகிராமைத் திறந்து முப்பத்தேழாம் வரிக்குப் போனான். ஒரு மூலக்கூறைச் சுற்றி எத்தனை மூலக்கூறுகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்ற எண் அங்கேதான் இருக்கும். இருபது இருக்க வேண்டிய இடத்தில் எட்டு இருந்தது. ஓடுகிறதா பார்க்கலாம் என்று முதல் நாள் தற்காலிகமாக எட்டைப் போட்டவன், அப்புறம் மாற்ற மறந்துபோயிருந்தான். எல்லோரும் மெச்சிய அந்த வேகத்தில் கெட்டிக்காரத்தனம் ஒன்றும் இல்லை. அது சரியாகப் பார்க்கவே இல்லை, அவ்வளவுதான்.

பழைய கணக்குகளை எல்லாம் இருபது போட்டு மறுபடி ஓட்டினான். ஐந்து நாள் ஆயிற்று. அவனுடையது தப்பித்தது. மற்றவர்களுடையதும் தப்பித்தது. அக்காவுடையது தப்பிக்கவில்லை.

அக்கா கூடப்பிறந்தவள் அல்ல, பக்கத்து மேசைக்காரி. அவனுக்கு முன்னால் சேர்ந்தவள். அவளுக்குக் கிடைத்தது ஒரு வலிப்பு மருந்து. அதன் நிஜப் படிகத்தை வேறொரு கூடத்தில் அளந்து பூட்டி வைத்திருந்தார்கள். அதைப் பார்க்காமலே அவள் கணித்துச் சொல்ல வேண்டும். மூன்றரை வருடம் மாடாக உழைத்து, உருவாக வாய்ப்பு அதிகமுள்ளது முதலில் என்று நூறு அடுக்குகளை வரிசையாகப் பட்டியலிட்டுக் கொடுத்தாள். நிஜப் படிகம் அதில் இல்லை. ஆய்வுக் கூட்டத்தில் எல்லோரும் வாய்மூடி உட்கார்ந்திருக்க, இவன்தான் முந்திரிக்கொட்டையாக வாயைத் திறந்தான். "இன்னும் ஆழமாத் தேடியிருக்கணும் அக்கா." அந்த மாதத்தோடு அவள் உதவித்தொகை நின்றது. மேசையைக் காலி செய்துவிட்டுப் போனாள். அது நடந்து மூன்று வருடம்.

இப்போது திரையில் அந்தப் பட்டியலில் நிஜப் படிகம் மூன்றாவது இடத்தில் நின்றது. அவள் கண்டுபிடித்துத்தான் இருந்தாள். இவனுடைய வடிகட்டிதான் அதை இரட்டை என்று குப்பையில் போட்டிருந்தது.

அவனுடைய வழிகாட்டிப் பேராசிரியர் முழுவதையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எண்ணை மாத்திட்டியா?"

"மாத்திட்டேன் சார். அக்காவோட முடிவையும் தீசிஸ்ல சேர்த்துடலாம்னு பாக்கறேன்."

"சேர்த்தா, இந்த புரோகிராமை நம்பி நாம எழுதின அத்தனை கட்டுரையையும் கிளறணும். உனக்கு வேலை தயாரா இருக்கு. அவளும் வேற வழி பாத்துக்கிட்டா. பேசாம கொடுத்துட்டுக் கிளம்பு."

நல்ல யோசனைதான். மனசுதான் ஒப்பவில்லை.

மறுநாள் மதியம் அக்கா இப்போது வேலை பார்க்கும் கூரியர் ஆபீஸுக்குப் போனான். கவுன்டருக்குப் பின்னால் அவள் ஒரு பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"அட, வடிகட்டி. என்னப்பா இந்தப் பக்கம்?"

அவன் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தான். அவள் இழுத்த டேப் கையிலேயே நின்றது.

"எத்தனாவது?"

"மூணாவது."

"மூணாவது," என்றாள். "தீசிஸ்ல எழுதுவியா?"

அவன் தராசைப் பார்த்தான். "சார் வேண்டாங்கறாரு."

"அப்போ என்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போகலாம்னு வந்திருக்கே." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை. "உனக்குப் பாரம் இறங்கிடும். எனக்கு மூளை பத்தலைன்னு எங்கப்பாகிட்ட நானே சொன்னேன்பா. அவர் போய் ஒரு வருஷமாச்சு. அவர்கிட்ட இதை இனிமே எப்படி மாத்திச் சொல்றது?"

வரிசையில் நின்ற ஒருவர் தொண்டையைக் கனைத்தார். அவள் டேப்பைக் கிழித்து ஒட்டினாள்.

"எட்டை இருபதா மாத்த எவ்வளவு நேரமாச்சு?"

"ஒரு நிமிஷம்கூட ஆகலைக்கா."

அவள் தலையசைத்தாள். அடுத்தவரின் பார்சலை வாங்கித் தராசில் வைத்தாள்.

அன்று மாலையே அவன் எழுதினான். எட்டு, இருபது, மூன்றாவது இடம், அதைக் கண்டுபிடித்தது யார் என்று ஒன்றுவிடாமல் எழுதினான். பேராசிரியர் கையெழுத்துப் போடவில்லை. காத்திருந்த வேலை வேறொருவருக்குப் போனது. தீசிஸ் இன்னும் அவன் மேசையில்தான் கிடக்கிறது. அந்த அத்தியாயத்தை மட்டும் அச்செடுத்து அக்காவுக்கு அனுப்பினான். பதில் வரவில்லை. பதில் போட வேண்டிய கட்டாயம் அவளுக்கு என்ன இருக்கிறது?