அம்மாவோடு மேற்கே போன பன்னிரண்டு நாட்கள்

அம்மா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓர் ஆண்டு. அவருடைய அருமை பெருமைகளை இந்த நினைவு மலரின் அடுத்த பக்கத்தில் தங்கை எழுதியிருக்கிறாள். எல்லாம் உண்மைதான். மூத்த மகனாகிய நான், அம்மா மேற்கே போய்வந்த கதையை மட்டும் எழுதுகிறேன். "கடைசிக் காலத்துல ஊரெல்லாம் சுத்திக் காட்டிட்டியே, நீதாம்லே பிள்ளை" என்று உறவினர்கள் என் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் உடம்பு கூசுகிறது.

அம்மா ஏரல் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு மில்லர்புரம் வந்தார். எனக்குப் பத்து வயதில் அப்பா இறந்துவிட, பள்ளிக்கூடச் சத்துணவில் சமையல் வேலைக்குச் சேர்ந்து எங்கள் இருவரையும் ஆளாக்கினார். அடுப்படிக்கு அடுத்த அறையில் சமூக அறிவியல் பாடம் நடக்கும். சாம்பாரைக் கிண்டிக்கொண்டே ராஜஸ்தான் கோட்டை, ஏரிக்கு நடுவில் அரண்மனை, கட்ச் உப்புப் பாலைவனம் என்று எல்லாவற்றையும் காதில் வாங்கியிருக்கிறார். "அங்கன கண்ணுக்கெட்டின மட்டும் உப்பாம்லே. ஒருக்கா போணும்" என்பார்.

நான் இழுத்தடித்தேன். தங்கை கல்யாணம், அப்புறம் வீடு, அப்புறம் துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் என் கிளியரிங் வேலை. அதற்குள் சர்க்கரை அம்மாவின் கண்ணைத் தின்றுவிட்டது. வெளிச்சமும் இருட்டும் மட்டுமே தெரியும் என்றான பிறகுதான் டிக்கெட் போட்டேன். "இனிமே போயி என்னம்மா செய்ய?" என்று வேறு கேட்டேன், பாவி. "நீ பாத்துச் சொல்லு. எனக்கு அது போதும்" என்றார். வாழ்நாளில் அம்மா என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

சமையல்காரரோடு போகும் சுற்றுலா பஸ். ஜெய்சல்மேர் கோட்டைக்குள் என் முழங்கையைப் பிடித்தபடி, "என்னலே இருக்கு?" என்றார். எனக்கோ துறைமுகத்தில் ஒரு கண்டெய்னர் மாட்டிக்கொண்டு போனுக்கு மேல் போன். "கோட்டைம்மா. பெருசு. மஞ்சக் கல்லு" என்றேன். "சன்னல்லாம் எப்படி இருக்கு?" "சன்னல்தாம்மா." உதய்ப்பூரில், "ஏரி. நடுவுல அரமனை." அதற்குப் பிறகு அம்மா கேட்பதை நிறுத்திவிட்டார். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

கட்சில் நான் பஸ்ஸைவிட்டே இறங்கவில்லை. கூட வந்த ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர்தான் அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனார். இருட்டும் நேரத்தில் இருவரும் திரும்பி வந்தார்கள்.

ஊருக்கு வந்ததும் தெருப் பெண்கள் சூழ்ந்துகொண்டு, "என்னக்கா பாத்திய?" என்றார்கள். "கோட்டை. பெருசு. மஞ்சக் கல்லு" என்றார் அம்மா. "ஏரி. நடுவுல அரமனை." என் சோம்பேறித்தனம் அப்படியே அம்மாவின் வாயிலிருந்து வந்தது. பிறகு முகம் மாறியது. "ஏளா, உப்பு மட்டும் நம்ம ஊரு உப்பளம் மாதிரி கெடையாது, கேட்டியா. குவியலே இல்ல. பாளம் பாளமா வெடிச்சு, கோலம் போட்ட கணக்கா கெடக்கு. வெயில் எறங்கவும் ரோஸ் கலராவுது, பொறவு நீலமாவுது. தூரத்துல ஒத்த ஒட்டக வண்டி போவுது, அது நெழலு அதவிட நாலு பங்கு நீளம்." அம்மாவுக்குப் பார்வை திரும்பிவிட்டதோ என்று அவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் உள்ளே போய்விட்டேன்.

அடுத்து சிறுநீரகம் போயிற்று. மருத்துவமனைக் கட்டிலில் ஒரு சாயங்காலம், "அந்தக் கோட்டை சன்னலு எப்படிலே இருந்துச்சு? இப்பவாது சொல்லேன்" என்றார். ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை. கண்ணிருந்தும் நான் பார்த்திருந்தால்தானே! போனில் இருந்த படங்களில் எல்லாம் நாங்கள்தான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றோம். "நாளைக்குச் சொல்லுதேம்மா" என்றேன். மறுநாள் காலையில் அம்மாவுக்குச் சுயநினைவில்லை. அப்படியே போய்விட்டார்.

முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், தோள் கொடுத்த மில்லர்புரம் தெருவினருக்கும், துறைமுக நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இந்த மலரின் முதல் பிரதி அந்த டீச்சருக்குத்தான் போக வேண்டும். மேற்கில் ஓர் இடத்தையாவது என் அம்மாவுக்குக் காட்டியவர் அவர் ஒருவர்தான். பஸ் நடத்தியவரைக் கேட்டால், "எத்தனையோ டீச்சர் வாராவ அண்ணாச்சி, யாரைன்னு சொல்ல?" என்கிறார். பன்னிரண்டு நாள் பக்கத்து இருக்கையில் வந்தவரிடம் நான் பெயரைக்கூடக் கேட்கவில்லை.