பச்சைப் புள்ளி

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஃபியூஸ் கட்டை ஏற்ற லாரி நிற்கிறது. வெளிநாட்டு கம்ப்யூட்டர் குப்பை இறங்க அரசு தடை போட்டதால் துறைமுகத்தில் லோடே இல்லை என்று டிரைவர் புலம்புகிறார். வைக்கோல் பரப்பிக் கட்டைகளை அடுக்கும் செல்வி சிரிக்கிறார்.

"அந்தக் குப்பை ஒயர இங்கயும் கொளுத்தி செம்பு எடுத்தாங்க. பூச்சு பூசிக் காயவச்ச கட்டையில அந்தச் செம்புத் தூசி வுழுந்து, சூளையில வெந்ததும் பச்சப் புள்ளியா நின்னுச்சு. கழுவுனாலும் போவல."

"அப்புறம்?" என்கிறேன், கட்டை வாங்க வந்த நான்.

"கெட்டுப்போன கட்டைய எல்லாம் கூடை கூடையா அள்ளிட்டுப் போயி, ஒயர் கொளுத்துற கொட்டாயி வாசல்லயே கொட்டுனோம். காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. கவர்மெண்டு இப்பதான் தடுக்குது. நாங்க போன வருசமே தடுத்துட்டோம்ங்க."

வெள்ளைக் கட்டை ஒன்றை என் கையில் வைக்கிறார்.

"நல்லா பாருங்க. புள்ளி இருந்தா சொல்லுங்க."