கார்டு சயாவிடம் இருக்கிறது

போன ஞாயிற்றுக்கிழமை என் வாய் நின்றுபோனது. ரிப்பேருக்கு வருகிற போன் மாதிரி... லைட் எரிகிறது, சத்தம் வரவில்லை.

இந்தப் பக்கத்தை வாரா வாரம் படிக்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று தெரியும்!

அதற்கு முந்தின நாள் மதியம், மிங்கலா தாங்ஞுன்டு பேட்டையில் நான் வேலை பார்க்கும் போன் கடைக்கு முருகன் நொண்டிக்கொண்டு வந்தான். தின்கன்ஜூன் பேட்டைக்காரன், என் கூட்டாளி. (பெயரை மாற்றியிருக்கிறேன். மற்ற விவரங்களையும் ரொம்ப நம்பாதீர்கள்.) நான் எட்டாம் வகுப்போடு ஸ்கூலுக்கு டாட்டா காட்டினேன். அவன் மேலே படித்து, இப்போது காலேஜ் ஃபுட்பால் டீமில் ஃபார்வர்டு. செமி ஃபைனலில் முழங்கால் திருகிவிட்டது. வீக்கம் லுங்கிக்கு மேலேயே தெரிந்தது.

"என்னடா, கோல் போடச் சொன்னா காலைப் போட்டுட்டு வந்திருக்கே?"

அவன் சிரிக்கவில்லை.

"மச்சான், என் கார்டு சயாகிட்ட இருக்கு. கேட்டேன். நாளைக்கு ஃபைனல் ஆடிட்டு வாங்கிக்கங்கிறாரு."

"கார்டு இல்லாமயா பஸ்ல வந்தே?"

"ஒவ்வொரு ஸ்டாப்லயும் உயிர் போய்ப் போய் வந்துச்சுடா."

இப்போது நானும் சிரிக்கவில்லை.

சயா என்றால் இங்கே பர்மிய மொழியில் வாத்தியார். முருகனுக்கு அவர்தான் கோச். வெளி ஆளை வேறு பெயரில் இறக்கிவிடுவார்கள் என்பதால், போட்டி தொடங்கும்போதே எல்லார் மாணவர் கார்டையும் கோச் வாங்கி வைத்துக்கொள்வது வழக்கம். குனிந்து, இரண்டு கையாலும் கொடுப்பார்கள். கொடுக்கத்தான் பழக்கம். சயாவிடம் திருப்பிக் கேட்டு யாருக்குப் பழக்கம்?

முன்பெல்லாம் அது வெறும் கார்டு. இப்போது பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கிற காலம். பஸ்ஸை நிறுத்தி, இளவட்டமாகப் பார்த்துக் கார்டைக் கேட்கிறார்கள். படிக்கிறவன் என்றால் இப்போதைக்கு விடுவார்கள். அதைச் சொல்ல முருகனுக்கு அந்தக் கார்டுதான் வாய்.

எனக்கோ எந்தக் காலத்திலும் கார்டு கிடையாது. கடையும் வீடுமாக, சந்துக்குள் சந்தாகப் போகிற ஆள் நான். இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை அவனைத் தாங்கிப் பிடித்து கிரவுண்டுக்குக் கூட்டிப்போனேன். கார்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு திரும்புவதாகத் திட்டம்.

சயா ஊசியோடு தயாராக இருந்தார்.

"ஒரே குத்து. தொண்ணூறு நிமிஷம் வலி தெரியாது."

பையன்கள் ஜெர்ஸியில் ஒரு டீத்தூள் கம்பெனியின் பெயர், நெஞ்சு நிறைய. சயா கையில் அந்தக் கம்பெனி கொடுத்த புது போன். திரையில் ஒட்டிய பிளாஸ்டிக்கைக்கூட இன்னும் உரிக்கவில்லை. போன் கடைக்காரன் கண்ணுக்கு அது தப்புமா?

"சயா, இவங்க நெஞ்சில டீத்தூள் பேரு. டீயாவது கிடைக்குமா?"

பையன்கள் சிரித்தார்கள். சயாவும் சிரித்தார்.

"காலேஜ் பேருக்காக ஆடுறாங்க. படிக்கிற பையனுக்குக் காசு கொடுத்தா ஒழுக்கம் கெட்டுடும்."

"போன் கொடுத்தா கெடாதா, சயா?"

சிரிப்பு நின்றது. சயா கோபப்படவில்லை. என் தோளில் கை போட்டார். அன்பாகத்தான் கேட்டார்.

"நீ எந்தக் காலேஜ், தம்பி?"

அவ்வளவுதான். நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. கிரவுண்டு கேட்டுக்கு வெளியே ஒரு லாரி நின்றது. செங்கல் லாரிதான்... ஆனால் அப்போது எனக்கு அது செங்கல் லாரியாகத் தெரியவில்லை.

"சொல்லு. வயசு என்ன?"

என் கண் அந்த லாரியை விட்டு நகராததை முருகன் பார்த்துவிட்டான். தன் காலை நீட்டினான்.

"ஊசியைப் போடுங்க, சயா. நான் ஆடுறேன். இவன் சும்மா துணைக்கு வந்தவன்."

தோளிலிருந்து கை இறங்கியது.

ஜெயித்தார்கள். கப்பை சயா தூக்கினார். முருகனை நாங்கள் தூக்கினோம்.

கால் ஜவ்வு கிழிந்துவிட்டதாம். இனி ஓடுவது சந்தேகம் என்கிறார் டாக்டர். கார்டு திரும்பி வந்துவிட்டது. ஆனால் காலேஜுக்குப் போகக் கால் வேண்டுமே? போகாவிட்டால் அடுத்த வருடம் கார்டு ஏது? அந்த நினைப்பில் அவன் தூங்குவதில்லை. "நீ ஏன்டா வாயைத் திறக்கலே?" என்று என்னை ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. கேட்டுவிட்டால் தேவலை.

காலேஜ் ஆட்டக்காரனுக்குச் சம்பளம் கொடுக்கலாமா என்று வெளிநாட்டில் பெரிய பெரிய ஆட்கள் வாதாடுகிறார்களாம். எட்டாம் வகுப்பு அறிவில் சொல்கிறேன் — கொடுங்கள். சம்பளக்காரன் "கால் வலி, லீவு" என்று சொல்லலாம். கஞ்சன் என் முதலாளியே விடுகிறார். மரியாதைக்கு ஆடுகிறவனால் அதைச் சொல்ல முடிகிறதா?

சயாக்களுக்கும் ஒன்று. ஒரு பையன் எதற்குப் பயப்படுகிறான் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் அதை வைத்து வேலை வாங்காமல் இருந்தால், அப்போது நானும் இரண்டு கையாலும் கும்பிடுகிறேன்.

வழியில் என்னைப் பார்த்தால் தாராளமாகப் பேசுங்கள், கிண்டல் பண்ணுங்கள்... எந்தக் காலேஜ் என்று மட்டும் கேட்காதீர்கள்.