பன்னிரண்டாவது நிகழ்ச்சி

டிசம்பர் மாதச் சனிக்கிழமைகளில் எங்கள் பகுதி நூலகம் ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு மணித்தியாலம் கொடுத்தது. பிரெஞ்சு பேசும் நகரமொன்றில், கோட்-டெ-நெய்ஜ் என்ற பகுதியில் நாங்கள் குடியிருந்த கட்டடத்திலிருந்து மூன்று பஸ் தரிப்புத் தள்ளி இருந்த சின்ன நூலகம் அது. முதல் கிழமை ஹெயிட்டிக்காரர், அடுத்தது பிலிப்பினோக்கள், பிறகு நாங்கள். நூலகப் பெண் கேட்டது மிகச் சின்ன விஷயம். பிள்ளைகள் நிலத்தில் மெத்தை போட்டு இருப்பார்கள், ஒரு பிள்ளை தன் மொழியில் ஒரு கதை வாசிக்கட்டும், கடைசியில் ஏதாவது தின்னக் கொடுங்கள். இரண்டு மணிக்குத் தொடங்கி மூன்று மணிக்கு முடிக்க வேண்டும். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு, நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் கட்டில் விரிப்பதற்கு மட்டும் காணும் என்பதால் அவள் பாதியை ஆங்கிலத்தில் சொன்னாள். நான் அதைக் கொண்டுபோய் எங்கள் சங்கத்தில் சொன்னேன்.

சங்கத்தில் அப்போது ஏழு பேர் இருந்தோம். ஏழு பேருக்கும் பதவி இருந்தது. ஒரு பிள்ளை கதை வாசிப்பதற்கு ஏழு பேரும் மூன்று தரம் கூடினோம். முடிவில், வழவழப்பான தாளில், நான்கு நிறத்தில் ஒரு நிகழ்ச்சி நிரல் அச்சாகி வந்தது. மங்கல விளக்கேற்றல், மௌன அஞ்சலி, வரவேற்புரை, தேவாலயச் சுவாமியாரின் ஆசியுரை, சுவாமியார் பேசினால் ஐயர் கோபிப்பார் என்பதால் ஐயரின் ஆசியுரை, தலைமையுரை, பிரதம விருந்தினர் உரை, அவருக்குப் பொன்னாடை, பொன்னாடைக்கு அவர் ஏற்புரை. இப்படியே இறங்கி வந்தால் பன்னிரண்டாவதாக ‘சிறுவர் நிகழ்ச்சி’ இருந்தது. நடப்பது சிறுவர்களுக்கான விழா என்பதைச் சங்கம் மறக்கவில்லை என்பதற்கு அது சாட்சி. குரல் தெளிவாக இருக்கிறது என்று சொல்லி என்னை அறிவிப்பாளராகப் போட்டார்கள். எனக்கும் வாயெல்லாம் பல்.

கதை வாசிக்க இருந்தது என் மகள். ஒன்பது வயது. வீட்டில் நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லுகிறவள். ஆனால் அந்த நூலகப் பெண்ணில் அவளுக்கு ஒரு பட்சம். உன் மொழி காதுக்கு எப்படி இருக்கும் என்று அறிய ஆசை என்று அந்தப் பெண் ஒருநாள் சொல்லியிருக்கிறாள். அவ்வளவுதான், நான் நான்கு வருடமாகக் கெஞ்சியும் நடக்காதது நடந்தது. மகள் தானாகவே ஒரு கதை எழுதத் தொடங்கினாள். பனி அள்ளுகிற வண்டி ஒன்றுக்குப் பனியைக் கண்டால் பயமாம். சமையலறைக்கு வந்து ‘உருகுதல்’ எப்படி எழுதுவது, ‘தெருமுனை’ எப்படி எழுதுவது என்று ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுக்கொண்டு போவாள். தாளை மட்டும் காட்ட மாட்டாள். வண்டிக்குக் கடைசியில் என்ன நடந்தது என்று கேட்டால், அன்றைக்கு வந்து கேளுங்கோ என்பாள். எனக்கு இருந்த சந்தோசத்தை யாரிடமும் சொல்லவில்லை, கண்பட்டுவிடும் என்று.

நூலகப் பெண் அவளை முதலில் வாசிக்க விடச் சொன்னாள். நான்தான் மறுத்தேன். மைக்கைக் கையில் வைத்திருக்கிறவள் தன் பிள்ளையை முதலில் ஏற்றினாள் என்று சனம் கதைக்கும். நம்மவர்களிடத்தில் நாகரிகம் என்றால், ஊர்ப் பிள்ளைகளை முன்னால் விட்டு, சொந்தப் பிள்ளையைக் கடைசியில் விடுவதுதான். வாசிக்க இருந்ததே என் பிள்ளை ஒன்றுதான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அவளைப் பேச்சுகளுக்குப் பின்னால் விட்டேன்.

அன்று இரண்டு மணிக்கு நூலகப் பெண்ணும் ஹெயிட்டிப் பிள்ளைகள் சிலரும் மெத்தைகளில் தயாராக இருந்தார்கள். குத்துவிளக்கு இரண்டு மணி இருபதுக்கு வந்தது. தலைவரும் அதோடு வந்தார். வந்தவுடன் மெத்தைகளை எடுப்பித்து, முன்வரிசையில் பிரமுகர்களுக்குக் கதிரை போடுவித்தார். கிடைத்தவை சிறுவர் பகுதிக் கதிரைகள். பிரதம விருந்தினர் கோட்டும் சூட்டுமாக, முழங்கால் நாடியில் இடிக்க, அதில் கம்பீரமாக அமர்ந்தார். பிள்ளைகள் புத்தக அலுமாரிக்குப் பின்னால் போனார்கள். நெருப்புக் கூடாது என்றதால் விளக்கில் பற்றரி மெழுகுதிரிகளை வைத்து, ஐந்து பேர் பயபக்தியோடு சுவிட்சைத் தட்டினார்கள். மௌன அஞ்சலியைக் குறை சொல்ல மாட்டேன். அன்று நேரத்துக்கு முடிந்தது அது ஒன்றுதான்.

எப்படியோ சில பேச்சுகளைச் சுருக்கியும் சிலவற்றை விழுங்கியும் மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பன்னிரண்டாவது நிகழ்ச்சிக்கு வந்துவிட்டேன். மகள் இரண்டு தாளையும் பிடித்துக்கொண்டு அலுமாரிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். நூலகப் பெண் அவளைப் பார்த்துத் தலையசைத்தாள். அந்த நேரம் கதவு திறந்து, பனியை உதறிக்கொண்டு, ஊரில் பள்ளிக்கூட அதிபராக இருந்த மாஸ்டர் ஒருவர் உள்ளே வந்தார். தலைவர் என் காதுக்குள் குனிந்தார்.

“தங்கச்சி, மாஸ்டர் வந்திட்டார். ரெண்டு வார்த்தை கதைக்கக் கூப்பிடுங்கோ. இல்லாட்டி மனுசன் பேந்து எங்கட முகத்திலையும் முழிக்காது.”

கூப்பிட்டேன். என் வாயால், என் தெளிவான குரலில், கூப்பிட்டேன். புலம்பெயர் நாட்டில் பிள்ளைகள் தமிழ் பேசாததற்குப் பெற்றோரின் அலட்சியமே காரணம் என்று மாஸ்டர் இரண்டு வார்த்தையில் விளக்கினார். அதற்குப் பதினெட்டு நிமிடம் எடுத்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

வாசலில் அடுத்த நிகழ்ச்சியான பொம்மலாட்டத்துக்கு வந்த பிள்ளைகள் பனிச் சப்பாத்தோடு நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். அப்படியிருந்தும் நூலகப் பெண் என்னிடம் வந்து, உன் மகள் வாசிக்கட்டும், அவர்கள் ஐந்து நிமிடம் பொறுப்பார்கள் என்றாள். நான் தலைவரைப் பார்த்தேன்.

“பிள்ளை பேந்து வாசிக்கலாம்” என்றார் அவர். “முதல் படம் எடுப்பம். ஆக்கள் வெளிக்கிடப் போயினம்.”

“ஓம் அண்ணை, பிறகு வாசிக்கட்டும்” என்றேன்.

அவரில் எனக்குக் கோபமில்லை. அவர் எல்லா மேடையிலும் அப்படித்தான். என்னில்தான் கோபம். அந்த ஐந்து நிமிடத்தை ஒரு பெண் எனக்குக் கையில் தந்தாள், நான் அதைக் கொண்டுபோய்ப் படத்துக்குக் கொடுத்தேன். படத்தில் எல்லோரும் இருக்கிறோம், மகள் இல்லை. நன்றியுரையும் என்னுடையதுதான். எழுதி வைத்ததை அப்படியே வாசித்தேன். ‘சிறுவர் நிகழ்ச்சியைச் சிறப்பித்த சிறுவர்களுக்கும் எமது நன்றிகள்’ என்ற வரியையும் விடவில்லை.

பஸ்ஸில் மகள் அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். வீட்டுக்கு வந்ததும் பழைய பேப்பர் போடும் பெட்டியைத் திறந்து தாள்களை நாலாகக் கிழித்துப் போட்டாள். அடுத்த நாள் காலை வேலைக்கு ஓடும் அவசரத்தில் அந்தப் பெட்டியைக் கீழே கொண்டுபோய்க் கொட்டியதும் நான்தான்.

அடுத்த சனிக்கிழமை யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்றிருந்தது. மகள் தன்பாட்டில் பெயர் கொடுத்திருந்தாள். நான் பின்னால், சின்னக் கதிரை ஒன்றில் போய் இருந்தேன். அவள்தான் முதலில் வாசித்தாள். அதே பனி வண்டிக் கதை, முழுக்கப் பிரெஞ்சில். பயமும் பனியும் எனக்கு விளங்கின. வண்டி தெருமுனைக்கு வந்தது வரை பிடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அவள் வேகமாக வாசித்தாள். பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள், நூலகப் பெண் கண்ணைத் துடைத்தாள். என்னவென்று தெரியாமல் நானும் சிரித்தேன்.

திரும்பி வரும்போது, வண்டிக்குக் கடைசியில் என்ன நடந்தது என்று தமிழில் கேட்டேன். அவள் பஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, பல நாளைக்குப் பிறகு எனக்குத் தமிழில் பதில் சொன்னாள்.

“பேந்து சொல்லுறன், அம்மா.”