வாசகமேடையில் ஓர் அட்டை

வேதம் வாசிக்கும்போது ஆடாமல் அசையாமல் கேட்க வேண்டும் என்று எங்கள் தோட்டத்துக் கோயிலில் சட்டம் போட்டவன் நான்தான். ஃபாதர் போடவில்லை. அவருக்கு ஐந்து தோட்டம், மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். வாசகம் வாசிக்கும் பொறுப்பு என்னிடம் இருந்ததால், அதிகாரமும் என்னிடம் இருப்பதாக நானே முடிவு செய்துகொண்டேன்.

ஒரு ஞாயிறு நான் வாசிக்கையில் ஒருவர் கொட்டாவி விட்டார், இன்னொருவர் போனைத் தடவினார். வாசிப்பை நிறுத்தினேன். "ஆண்டவர் பேசுறாருங்க. ஒரு அஞ்சு நிமிஷம் கல்லு மாதிரி இருக்க ஏலாதா?" நாற்பது பேரும் தலையைக் குனிந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த ஞாயிறு மழை. ஃபாதரும் வராத வாரம். நாங்கள் இருப்பது ஓப்பநாயக்க டவுனில். தோட்டத்து ரோட்டைப் பார்த்ததும் த்ரீவீல்காரர் "பே மஹத்தயா" என்று சிங்களத்தில் கையை விரித்துவிட்டார். நேரமாகிவிட்டது. தேயிலைக்குள் குறுக்குப் பாதையில் ஏறுவதைத் தவிர வழியில்லை.

"அட்டை இருக்கும். காலுக்குச் சவுக்காரம் தேய்ச்சுக்கிட்டு ஏறுங்க" என்றாள் மனைவி. கையோடு ஒரு சவுக்காரத் துண்டும் கொண்டுவந்திருந்தாள்.

"அயர்ன் பண்ணின களுசான்ல சவுக்காரமா? வாசிக்கப் போறவன்டி நான்."

சப்பாத்தைக் கோயில் வாசலில் கழற்றிவிட்டு மேடை ஏறினேன். அன்றைய வாசகம் திருத்தூதர் எழுதிய மடல். திருத்தூதருக்கு முற்றுப்புள்ளி வைக்கும் பழக்கம் குறைவு. முதல் வாக்கியமே முடியவில்லை, களுசானுக்குள் ஏதோ ஜில்லென்று ஊர்ந்தது.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். அட்டையை விரலால் உருட்டிச் சுண்டி எறிகிற பரம்பரை. ஆனால் அதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற அட்டைக்கு. இது முழங்காலைத் தாண்டியது. தொடைக்கு வந்தது. இனி அது எங்கே போகும் என்று நினைத்ததும் என் குரல் தானாக வேகம் பிடித்தது. காற்புள்ளிகளை மிதித்துக்கொண்டு ஓடினேன். இடது காலால் வலது காலைத் தேய்த்தேன். ஒரு வரியை இரண்டு தரம் வாசித்தேன், இரண்டு வரியை வாசிக்கவே இல்லை.

நிமிர்ந்து பார்த்தால் நாற்பது பேரும் கல்லு மாதிரி இருக்கிறார்கள். ஒருத்தராவது இருமக் கூடாதா? சும்மா கிடந்த சனத்துக்குச் சட்டம் போட்ட என் வாயை என்ன செய்வது?

கடைசியில் முன்வரிசையில் இருந்த கொழுந்து பறிக்கும் தங்கச்சி ஒருத்தி எழுந்தாள்.

"அண்ணே, மன்னிச்சுக்குங்க. அசையக் கூடாதுன்னீங்க, அதான் பேசாம இருந்தோம். கால்ல ரத்தம் ஓடுது."

"இன்னும் நாலு வரிதான், முடிச்சிர்றேன்."

"அட்டை அதுக்கு முந்தி முடிச்சிரும்ணே."

கோயிலே சிரித்தது. என் மனைவியின் சிரிப்பு தனியாகக் கேட்டது. தங்கச்சி மேடைக்கே வந்து குந்தி, களுசானைச் சுருட்டி, வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பெடுத்து வைத்தாள். அட்டை சுருண்டு விழுந்தது. அது கெண்டைக்காலைத் தாண்டவே இல்லை. தொடையில் ஊர்ந்தது என் வேர்வை.

"குட்டி அட்டைதான். இதுக்கா இந்த ஆட்டம் ஆடினீங்க?"

"ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் சரி சொல்லி மானத்தைப் பொறுக்கி எடுத்தேன். "மிச்சத்தை வாசிக்கிறேன்."

"மிச்சம் எதுக்குண்ணே? வாசிச்சதே ஒண்ணும் காதுல விழல. நீங்க ரயிலு மாதிரிப் போனீங்க, நாங்க உங்க காலையே பார்த்துக்கிட்டு இருந்தோம். ஆண்டவர் பேசுறதை அப்படிக் கேட்டாப் போதுமா? முதல்ல இருந்து வாசிங்க."

அவள் கேலிக்குச் சொல்லவில்லை. அதுதான் என்னைச் சுட்டது. எத்தனையோ வருடமாக என் உச்சரிப்பை நானே ரசித்து வாசித்து வந்திருக்கிறேன். கேட்க வந்தவர்களுக்கு அது போய்ச் சேர்கிறதா என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

பக்கத்தைத் திருப்பி முதல் வரிக்குப் போனேன். மெதுவாக வாசித்தேன். ஒருவரை ஒருவர் பொறுத்துப் போவதைப் பற்றித்தான் அந்த மடல் முழுக்க இருந்தது. இத்தனை நேரம் அதையா கத்திக்கொண்டிருந்தேன்! பின்வரிசையில் யாரோ தொண்டையைச் செருமினார், ஒருவர் கால் மாற்றி உட்கார்ந்தார். நான் நிறுத்தவில்லை. தங்கச்சி இன்னும் எழவில்லை. ரத்தம் நிற்கட்டும் என்று கடிவாயை விரலால் அழுத்திப் பிடித்தபடி, தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.