இரண்டு கட்சிக்கும் ஒரே பாலுசாமி

பாலுசாமிக்குக் கட்சி கிடையாது. அதனால்தான் அவருக்கு இரண்டு கட்சியும் இருந்தது. காலையில் சோமனூரில் தறிக்கூடம் வைத்திருக்கும் உள்ளூர்க் கட்சித் தலைவர் ஈஸ்வரமூர்த்தியிடம் போய், "இந்தவாட்டி நம்ம காத்துத்தானுங்க" என்பார். மாலையில் எதிர்க்கட்சித் தலைவரான நூல் வியாபாரி சுந்தரராஜுலுவிடம் போய் அதையே சொல்வார். ஒருவர் மேடையில் திட்டுவார், மறுநாள் மற்றவர் பதிலடி கொடுப்பார். இரண்டையும் எழுதிக் கொடுத்தது இந்தப் புண்ணியவான்தான்.

"ரெண்டு பேருக்கும் தெரியாத வரைக்கும் நான் ராசாதானுங்க அம்மணி" என்று பக்கத்து வீட்டுக்காரியான என்னிடமே கூசாமல் சொன்ன மனிதர்.

தொண்ணூற்றாறில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. எங்கள் வார்டு பெண்களுக்கு என்றானதும் தலைவர்கள் இருவரும் தத்தம் மனைவியை நிறுத்தினார்கள். கேபிள் டிவி ஷேக் பரீத், பாலுசாமியைப் பிடித்து விமர்சகர் ஆக்கினார். பின்னால் நீலப் போர்வை, முகத்தில் அரை டப்பா பவுடர். "நடுநிலையாச் சொல்லோணுமுங்க" என்று கனைத்துத் தொடங்கி, அரைமணி நேரம் ஒன்றுமே சொல்லாமல் முடிப்பார். அதையும் ஊர் வாயைப் பிளந்து பார்த்ததே, எனக்கு அதுதான் ஆத்திரம்.

பாலுசாமியின் இத்தனை மூளையும் சேர்ந்து ஒரு திட்டம் போட்டது. தன் மனைவி கனகத்தைச் சுயேச்சையாக நிறுத்துவது. வீட்டுக்கு வந்த ஈஸ்வரமூர்த்தியிடம் சொன்னார்: "எதிராளி ஓட்டைப் பிரிச்சுப்போடலாமுங்க. உங்க ஆளுகள உட்டு, அவரு செல்வாக்கா இருக்கற வீதியில மட்டும் கனகத்துக்கு ஓட்டுக் கேக்கச் சொல்லுங்க. ரகசியமா இருக்கட்டுமுங்க." இரண்டு நாள் கழித்து வந்த சுந்தரராஜுலுவிடமும் அச்சுப் பிசகாமல் இதே பேச்சு. இரண்டு முறையும் காப்பி கொண்டு வந்து வைத்தவர் கனகக்கா.

எங்கள் வீதிக்கு எட்டு நாளைக்கு ஒருமுறைதான் குடிதண்ணீர். "இதச் சரி பண்ணித் தருவீங்களாண்ணா?" என்று அக்கா இருவரிடமும் கேட்டிருக்கிறார். இருவரும் பாலுசாமியைப் பார்த்துச் சிரித்தார்களாம். அதைக் கேட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா அடிபம்பு சின்னத்தை வாங்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கித் தண்ணீரைப் பற்றி மட்டும் பேசினார்.

"சும்மா நிக்கறதுக்கு எதுக்கு இந்த நடை?" என்று பாலுசாமி கேலி செய்தார்.

ஓட்டு எண்ணும் நாளில் பரீத் இரண்டு தலைவர்களையும் கூட்டி வந்து பாலுசாமிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவராக உட்கார வைத்துவிட்டார். பாலுசாமிக்குப் பவுடரையும் மீறி வியர்த்தது. எங்கள் வீட்டு டிவியிலேயே தெரிந்தது.

"நம்ம வார்டு எப்படிங்க?" என்றார் பரீத்.

"கடும் போட்டிங்க. சுயேச்சைக்கு டெபாசிட் தேறாதுங்க."

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. கனகக்கா நாற்பத்தொரு ஓட்டில் ஜெயித்துவிட்டார்! நான் கரண்டியோடு வீதிக்கு ஓடிக் கத்திவிட்டுத் திரும்பி வந்தேன். சற்று நேரத்தில் மாலையும் கழுத்துமாக அக்காவே டிவியில் வந்து நின்றார்.

"நான் அப்பவே நெனச்சேனுங்க" என்று பாலுசாமி பல்லைக் காட்டினார்.

அக்கா கும்பிட்டார். "ரெண்டு அண்ணனுக்கும் நன்றிங்க. ஈஸ்வரமூர்த்தியண்ணன் ஆளுக மேக்கால வீதியில எனக்கு ஓட்டுக் கேட்டாங்க. சுந்தரராஜுலு அண்ணன் ஆளுக கெழக்கால வீதியில கேட்டாங்க. ரெண்டு பேருக்கும் இந்த யோசனை சொன்னது எங்க ஊட்டுக்காரருங்க."

தலைவர்கள் முதன்முறையாக ஒருவரை ஒருவர் நேராகப் பார்த்தார்கள். பிறகு இருவரும் ஒன்றாகப் பாலுசாமியைப் பார்த்தார்கள். நடுநிலையாளர் மேசையில் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

"அளவாக் குடிங்க" என்றார் அக்கா. "நாளைக்குத்தான் நம்ம வீதிக்குத் தண்ணி. எனக்குப் பஞ்சாயத்து ஆபீஸ்ல சோலி இருக்குது, நீங்கதான் புடிக்கோணும்."

மறுநாள் காலையிலும் போவதற்கு ஓர் இடமில்லை, மாலையிலும் இல்லை. மனிதர் குடத்தோடு வந்தார். எங்கள் வீதியில் குழாய் இரண்டு, வரிசையும் இரண்டு. நான் எட்டிப் பார்த்தேன். இரண்டு வரிசையிலும் ஒவ்வொரு குடம் வைத்திருந்தார்.