வலியிடம் விசாரித்த டாக்டரம்மா

ஸ்டோரில் ஏலக்காய் பாதி உலர்ந்திருந்த நேரத்தில், குரங்கணியிலிருந்து தபால் பை சுமந்து வரும் முத்தையா மூச்சிரைக்க வந்து நின்றார். வழக்கமாகக் கடிதத்தை நீட்டிவிட்டுக் காப்பி கேட்பவர், அன்று தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்திருந்தார்.

"அண்ணே, போடி டாக்டரம்மா விடியக்காலம் தூக்கத்துலயே போயிட்டாக. சாயந்திரம் எடுத்துருவாகளாம். வெரசா கிளம்புங்க" என்றார்.

தீயைப் பார்த்துக்கொள்ளும்படி மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு, போட்டிருந்த சட்டையோடு கிளம்பினேன். என் மனைவி பொன்னுத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டே எனக்கு முன்னால் நடந்தாள்.

டாக்டர் கமலவேணி அம்மாளை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். போடிநாயக்கனூரில் சந்தைக்குப் பக்கத்தில் சிறிய மருத்துவமனை வைத்திருந்தார். எழுபதைத் தாண்டியவர். பெரிய ஆண்பிள்ளைக் குடையும், மடியில் ஒரு பொட்டலம் வறுத்த கடலையுமாக மலைத் தோட்டங்களுக்கும் ஏறி வருவார். ஊசி போடுவதில் மகா கஞ்சர். "ஊசி போடாத டாக்டரெல்லாம் ஒரு டாக்டரா?" என்று ஊரெல்லாம் பேசித் திரிந்தவர்களில் நானும் ஒருவன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

நான் குரங்கணிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் ஸ்டோர் பார்ப்பவன். பச்சை ஏலக்காயைத் தட்டுகளில் பரப்பி, விறகுச் சூட்டில் உலர்த்தும் கட்டடத்தைத்தான் ஸ்டோர் என்கிறோம். நயா பைசா வருவதற்கு முந்தைய ஆண்டு எனக்கு நெஞ்சு அடைக்கத் தொடங்கியது. நாலு எட்டு ஏறினால் மூச்சு நின்றுவிடும் போலிருக்கும். மதுரைக்குப் போய் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்தோம், பழுதில்லை என்றார்கள். பழுதில்லாத நெஞ்சு ஏன் அடைக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

"இந்த மலையே வேணாங்க. கீழ போயி ஒரு பெட்டிக்கடை வச்சுப் பொழச்சுக்கிருவோம்" என்று பொன்னுத்தாய் பாத்திரங்களை மூட்டை கட்டத் தொடங்கிவிட்டாள். ஏலக்காயைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது. மலையை விட்டு இறங்கினால் நான் ஆளே இல்லை என்று பயந்துபோனேன். கடைசியாக ஒரு முறை பார்ப்போமென்றுதான் டாக்டரம்மாவிடம் போனேன்.

குழாயை வைத்து முன்னும் பின்னும் நெடுநேரம் கேட்டார். மதுரைப் படத்தையும் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, "நெஞ்சு எது மாதிரி இருக்கு அப்பு?" என்றார்.

"வலிக்குது."

"அது உன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. எது மாதிரி?"

எனக்கு எரிச்சலாக வந்தது. "சன்னல் அடைச்ச ஸ்டோர் மாதிரி இருக்கு, போதுமா?" என்றேன்.

"அப்பச் சன்னலைத் திற. நல்லா மூச்சை இழு. இன்னும் இழு" என்றார். இழுத்தேன். தலை சுற்றி மேசையைப் பிடித்துக்கொண்டேன். வந்ததே கோபம்!

"டாக்டரம்மா, நீங்க ஸ்டோர் பக்கமே வந்ததில்லையா? காய் வேர்த்துக் கிடக்கையில குளிர்காத்தை உள்ள விட்டா அம்புட்டும் கெட்டுப்போகும். முதல்ல ஆவி வெளிய போகணும். மேல் சன்னலைக் கொஞ்சமாத் திறந்துவிட்டுட்டு, சும்மா இருக்கணும்."

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். "தப்பு என் மேலதான். ஸ்டோர் உன்னோடது, நான் போயி சன்னலைத் திறக்குறேன் பாரு! நீயே திற அப்பு, உன் வழக்கப்படி."

சொல்லிவிட்டேனே என்பதற்காக, மூச்சை மெல்ல வெளியே விட்டேன். நீளமாகப் போனது. மறுபடியும் விட்டேன். தோள் தானாக இறங்கியது.

"உள்ள என்ன காய் கிடக்கு?" என்று வழி விசாரிப்பவர் போலக் கேட்டார்.

"எங்கண்ணன்" என்றேன். அந்தச் சொல் எங்கிருந்து வந்ததென்று எனக்குத் தெரியாது. பொட்டிபுரத்தில் அண்ணன் இறந்த செய்தி வந்தபோது ஸ்டோர் நிறையக் காய் கிடந்தது. பாதியில் விட்டுப் போகக்கூடாது என்பது எங்கள் வழக்கம். உலர்த்தி முடித்துவிட்டுப் போனேன், எல்லாம் முடிந்திருந்தது. அழாமலே திரும்பி வந்து அடுத்த காயைக் கொட்டினேன். அன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் அண்ணனுக்காக அழுதேன். நான் ஓய்ந்த பிறகு டாக்டரம்மா ஒரு புட்டி மருந்தைத் தந்தார்.

"இதையும் குடி, மேல் சன்னலையும் பாத்துக்க. ரெண்டும் வேணும்."

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. ஆனால் அடுத்த காயெடுப்புக்குள் நான் பழையபடி மலையேறினேன். பொன்னுத்தாய் கட்டிய மூட்டையை முணுமுணுத்துக்கொண்டே அவிழ்த்தாள்.

இதை மந்திரம் என்று யாராவது சொன்னால் டாக்டரம்மாவுக்குக் கோபம் வரும். "மந்திரமும் இல்ல, மாயமும் இல்ல. நோய்க்கு நான் பேரு வைக்கலாம். அது எப்படி இருக்குன்னு வலிக்கிறவுகளுக்குத்தானே தெரியும்?" என்பார்.

பின்னொரு நாள் மருந்து வாங்கப் போயிருந்தபோது தேவாரம் ஊரைச் சேர்ந்த அம்மாள் ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டு வந்தார். "தலைக்குள்ள தகரம் தட்டுறாக தாயி" என்றார்.

"எதுக்குத் தட்டுறாக?"

"யானையை விரட்டத்தான்."

"யானை வந்துருச்சா?"

அந்த அம்மாள் கண்ணை மூடி யோசித்தார். "இன்னும் வரல. வந்துரும்னு தட்டுறாக."

"அப்ப அவுகளுக்கு என்ன வேணுமாம்?"

"பாவம், அவுகளும் எம்புட்டு நேரந்தான் தட்டுவாக? உக்காந்து கஞ்சி குடிக்கணும்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாளே சிரித்துவிட்டார். காத்திருந்த நாங்கள் எல்லோரும் சிரித்தோம். டாக்டரம்மா கடலைப் பொட்டலத்தை எங்கள் பக்கம் நீட்டினார்.

சில மாதங்களுக்கு முன் டாக்டரம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். அறையிலிருந்து நாற்காலிக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்றார். இதயம் பலவீனமாகிவிட்டதாம். என் வாய் சும்மா இருக்குமா?

"உங்களுக்கு எது மாதிரி இருக்கு டாக்டரம்மா?" என்றேன்.

கம்பவுண்டர் என்னை முறைத்தார். டாக்டரம்மாவோ, இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காததை நான் கேட்டுவிட்டதைப் போல முகம் மலர்ந்தார்.

"குரங்கணி ஏத்தத்துல உங்க ஜீப்பு நிக்குமே, அது மாதிரி இருக்கு அப்பு. எஞ்சினு நல்ல எஞ்சினுதான். ஆளுதான் அதிகம்."

"அதுக்கு என்ன வேணுமாம்?"

"எல்லாரும் எறங்கிக்கிட்டா மெல்ல ஏறிரும்" என்று சிரித்துவிட்டு, அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

நாங்கள் யாரும் இறங்கவில்லை. போன வாரம் வரை இருமலையும் இடுப்புவலியையும் தூக்கிக்கொண்டு அவரிடமே போனோம். அவரும் ஒருவரையும் இறக்கிவிடவில்லை. நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்று சாயந்திரம், எடுப்பதற்கு முன் அவர் முகத்தைக் கடைசியாகப் பார்த்தபோது அதில் அலுப்பே இல்லை. நிறைவாக வாழ்ந்தவரின் முகம் அது.

காரியமெல்லாம் முடிந்து மறுநாள் காலை தோட்டத்து ஜீப்பில் திரும்பினோம். ஏற்றத்தில் வண்டி திணறி நின்றது. யாரும் சொல்லாமலே எல்லோரும் இறங்கினோம். வெறும் வண்டி லேசாக முனகிக்கொண்டு ஏறி, வளைவில் திரும்பி மறைந்தது. நான் ரோட்டோரத்தில் நின்று கைகூப்பினேன்.

டாக்டரம்மா, நாங்கள் எல்லோரும் இறங்கிக்கொண்டோம். நீங்கள் மெல்ல ஏறிப் போங்கள்.